வெள்ளியங்கிரிக்குத் தனியாக ஏறுவோருக்கு: விடியலுக்கு முன் புறப்பட்டு, வெயில் சாய்வதற்குள் இறங்கி வர ஒரு வழிகாட்டி

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து வெள்ளியங்கிரி ஆண்டவரைக் காண முதன்முறை சென்றபோது, நான் எடுத்த முடிவுகள் ஏறக்குறைய எல்லாமே தவறாகப் போயின. எல்லோரும் செய்வதைப் பார்த்து இரவு 10 மணிக்கு ஏறத் தொடங்கினேன். அதிகாலை 4 மணிக்கே உச்சியை அடைந்துவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையோடு, சூரியன் வரும்வரை பாறையிடுக்கில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தேன். தூங்காத உடம்போடு இறங்கியபோது முழங்கால்கள் இரண்டும் பிடித்துக்கொண்டன. முதல் மலையின் கற்படிகளைப் பாதி தூரம் உட்கார்ந்து உட்கார்ந்தே கடந்தேன். அடிவாரத்தை அடைந்தபோது மாலை 4 மணியாகிவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் காலையிலிருந்து என் தொலைபேசிக்கு அழைத்து அழைத்து ஓய்ந்து போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று முறை தனியாகவே சென்று, நல்லபடியாக இறங்கி வந்திருக்கிறேன். முதல் பயணத்துக்கும் அடுத்தவற்றுக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான்: திட்டத்தை ஏற்றத்திலிருந்து போடாமல் இறக்கத்திலிருந்து பின்னோக்கிப் போட்டேன். எத்தனை மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டே வந்தால், எப்போது புறப்படுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கைச் சார்ந்தவை.

1. உங்களால் போக முடியுமா என்பதை முதலில் பாருங்கள்

ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்று கேட்டதும் நான் ஏமாந்தேன். சமதரையில் ஒன்றேகால் மணி நேர நடை அது. இங்கே அதே 6 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 4,000 அடி உயரம் ஏற வேண்டும். எனவே ஏற ஐந்தரை முதல் ஆறு மணி நேரமும், இறங்க நான்கரை முதல் ஐந்து மணி நேரமும் ஆகும்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. இதைச் சடங்குக்குச் சொல்லும் எச்சரிக்கையாக எண்ணிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த மலைப்பாதையில் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் உயிரிழந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, "செங்குத்தான மலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஏறி இறங்கப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லி, இரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துக்கொள்வது அவசியம். "கோயிலுக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால், நாலு படி ஏறுவதாக எண்ணிச் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

பெண்களைப் பொறுத்தவரை, 10 வயதுக்கு உட்பட்ட சிறுமியரும் 50 வயதைக் கடந்தவர்களும் மட்டுமே மலையேறுவது இங்குள்ள வழக்கம். அடிவாரக் கோயிலுக்கு எல்லோரும் செல்லலாம். வயது வரம்பின் காரணமாக மலையேற இயலாதவர்கள், விடியலுக்கு முன் தனியாக ஏறும் அனுபவத்துக்குச் சென்னிமலையையோ திருச்செங்கோட்டையோ பழனியையோ தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் பயிற்சி, உடை, இறக்கம் பற்றிய குறிப்புகள் அங்கும் பொருந்தும்.

2. நாளைத் தேர்ந்தெடுத்தல்

மலையேற வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கம் முதல் மே இறுதி வரை மட்டுமே வனத்துறை அனுமதிக்கிறது. அந்த நான்கு மாதங்களிலும் மழையோ காட்டுத்தீயோ யானை நடமாட்டமோ இருந்தால் எந்த நேரத்திலும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற எட்டு மாதங்களில் "எனக்கு வேறு வழி தெரியும், கூட்டிப் போகிறேன்" என்று எவர் அழைத்தாலும் போகாதீர்கள். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது வனச் சட்டப்படி குற்றம்; அதைவிட முக்கியமாக, அந்த மாதங்களில் அந்தப் பாதை யானைகளுடையது.

மகா சிவராத்திரி, சித்திரைப் பௌர்ணமி ஆகிய நாட்களில் முதல்முறை செல்வோர் ஒதுங்கியிருப்பதே நல்லது. சிவராத்திரியன்று சிறுவாணிச் சாலையிலேயே வாகனங்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மலையிலும் ஏழாவது மலையின் ஒடுங்கிய ஏற்றத்தில் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. சனிக்கிழமை இரவும் கூட்டம் அதிகம். அதற்காக ஆளே இல்லாத நாளைத் தேடவும் கூடாது. தனியாகச் செல்பவருக்கு வழியில் நாலு பேர் இருப்பதே காப்பு. என் அனுபவத்தில் வியாழனும் வெள்ளியும் அளவான நாட்கள்.

மாதத்தைப் பற்றி என் கருத்து: பிப்ரவரியில் உச்சியில் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் பகலில் இறங்குவது எளிது. மார்ச்சில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் நிலையில் இருக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்ததும் இதே பருவத்தில்தான். ஏப்ரல் பாதிக்கு மேல் பிற்பகலில் இடியோடு கோடை மழை வரலாம். மரமில்லாத மேல்மலைகளில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. பிப்ரவரி நடுப்பகுதியைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

3. ஆறு வாரப் பயிற்சி

தினமும் நடப்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். நடைப்பயிற்சி மூச்சைப் பழக்கும். தொடையின் முன்தசையையும் முழங்காலையும் இறக்கத்துக்குப் பழக்காது. படி ஏறி இறங்குவது ஒன்றே அதற்கு வழி.

நான் ஈரோட்டுப் பக்கம் இருப்பதால் சென்னிமலையின் 1,320 படிகளில் பழகினேன். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரு நாள் ஒருமுறை ஏறி இறங்குவது, அடுத்த இரண்டு வாரம் அதையே முதுகில் 4 கிலோ பையோடு செய்வது, ஐந்தாம் வாரம் ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குவது, கடைசி வாரம் ஓய்வு. கோவையில் இருப்பவர்களுக்கு மருதமலைப் படிகள் உண்டு. பழனிப் பக்கத்தவர்களுக்கு 693 படிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பயிற்சியையும் விடியலுக்கு முன், தலைவிளக்கோடு செய்யுங்கள். இருட்டில் படியின் உயரத்தைக் கால் எப்படித் தவறாகக் கணிக்கிறது என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டு முறை ஏறி இறங்கிய மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கால் வலித்தால், மலைக்கு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

4. தாள்களும் தகவல்களும்

ஆதார் அட்டையின் மூலத்தைச் சட்டையின் உள்பையிலும், நகலைப் பையிலும் வைத்திருங்கள். தினசரி மருந்து உட்கொள்பவர்கள் மருந்துச் சீட்டின் நகலை அதோடு சேர்த்து மடித்து வையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒரு சிறிய அட்டை. பெயர், இரத்த வகை, ஒவ்வாமை இருந்தால் அது, வீட்டில் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தனியாகச் செல்பவர் மயங்கி விழுந்தால், கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. தொலைபேசி பூட்டப்பட்டிருக்கும், மேலே சிக்னலும் பெரும்பாலான இடங்களில் இருக்காது.

மூன்றாவது தாள் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியது. எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குகிறேன், எத்தனை மணிக்குள் அடிவாரத்திலிருந்து அழைப்பேன், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். நான் பிற்பகல் 2.30க்கு இறங்குவேன் என்று கணக்கிட்டால், மாலை 5 மணி வரை பதற வேண்டாம் என்று எழுதி வைப்பேன். நேரம் குறிப்பிடாமல் "நாளைக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிச் சென்ற முதல் பயணத்தில் வீட்டார் பட்ட பாடு எனக்குப் பாடமாயிற்று.

5. பையில் வைப்பவை: நெகிழி சோதனையை மனத்தில் வைத்து

அடிவாரத்தில் வனத்துறையினர் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். நெகிழி உறைகளை மேலே கொண்டுபோக விடுவதில்லை. பிஸ்கட், மிக்சர் உறைகளைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டிக் கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்குவார்கள்; அதே ஸ்டிக்கரோடு பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் மேலே போகாது. கற்பூரமும் அப்படித்தான்; காய்ந்த புல்லுக்கு அருகே ஒரு பொறி போதும்.

எனவே வீட்டிலேயே எல்லாவற்றையும் துணிப்பையிலும் சிறு எவர்சில்வர் டப்பாவிலும் மாற்றிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடியையும் உறையிலிருந்து பிரித்து, ஒரு லிட்டர் அளவுக்கு ஒரு டப்பா என்று போட்டு வையுங்கள். நான் முதல்முறை வரிசையில் நின்று, பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்ததில் நாற்பது நிமிடம் போயிற்று.

தண்ணீர் இரண்டு லிட்டர் போதும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் இரண்டு. வழியில் சுனைகளில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கோடை முற்றினால் நீர்வரத்து குறைந்துவிடும் என்பதால், பாட்டிலைக் காலியாக்கிவிட்டு அடுத்த சுனையை நம்பி நடக்காதீர்கள். உணவுக்கு இரவே கட்டிய புளிசாதம், கடலை உருண்டை, நாலு பேரீச்சம்பழம், ஒரு துண்டு தேங்காயும் வெல்லமும். அரிசிம்பருப்புச் சாதம் நமக்குப் பிடித்தமானதுதான் என்றாலும் காலைக்குள் ஊசிப்போகும், அதைக் கட்டாதீர்கள்.

தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் கட்டாயம். தொலைபேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும். ஒரு கை கம்புக்கும், மறு கை பாறையைப் பிடிக்கவும் வேண்டும். மாற்று பனியன் ஒன்று, காதை மூடும் துண்டோ குல்லாவோ ஒன்று, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கின் ஒன்று. கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போதாது. மேலே குளிரைவிடக் காற்றுதான் ஊடுருவும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது ஐந்து மணி நேரம் விரல்நுனி ஷூவின் முன்பக்கத்தை இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, விழுந்து முளைக்க ஆறு மாதம் ஆயிற்று. செருப்பின்றி ஏறுவோர் பலர் உண்டு. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் நன்கு பழகிய, அடிப்பகுதி வழுக்காத ஷூவை அணிந்து, சன்னதி நெருங்கும்போது கழற்றிக்கொள்ளலாம். புது ஷூவை மலைக்கென்று வாங்கி அணிந்து வராதீர்கள்.

6. செலவு

பேருந்தில் சென்று வருபவருக்கு இது பெரிய செலவில்லாத பயணம். கடைசி முறை நான் செலவழித்தது, ஈரோட்டிலிருந்து கோவைக்கும் பூண்டிக்கும் போக வர பேருந்து, மூங்கில் கம்பு, இரண்டு வேளைச் சாப்பாடு, வழியில் சுக்குக் காப்பி, எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் அடங்கியது. தலைவிளக்கும் ஜெர்கினும் ஒருமுறை வாங்குபவை.

முழுத் தொகையையும் ரொக்கமாக, அதுவும் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். சிக்னல் இல்லாத மலையில் ஜிபே ஓடாது. மேலே உள்ள சிறு கடைகளில் மலை ஏற ஏற விலையும் ஏறும். முதுகில் சுமந்து ஏற்றிய பொருளுக்கு அந்த விலை நியாயமானதே. அவசரத்துக்கென 2,000 ரூபாயைத் தனியே மடித்து வையுங்கள். கால் பிசகி டோலியில் இறங்க நேர்ந்தாலோ, மாலையில் பேருந்து தவறி ஊருக்குள் வாடகை வண்டி பிடிக்க நேர்ந்தாலோ அது உதவும்.

7. முந்தைய நாள் மாலை

காந்திபுரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் பூண்டிக்குப் பேருந்து உண்டு. 35 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். நடத்துனரிடம் "பூண்டி போகுமா?" என்று கேட்டுத்தான் ஏறுங்கள். அந்தப் பக்கம் செல்லும் பேருந்துகளில் சில ஈஷாவோடு திரும்பிவிடும். இருட்டிய பிறகு அங்கிருந்து பூண்டிக்கு நடந்துவிடலாம் என்று எண்ணுவது பெரிய தவறு. காட்டோரச் சாலை அது. யானை கடக்கும் இடம்.

மாலை 6 மணிக்குள் பூண்டியில் இருக்குமாறு கிளம்புங்கள். அடிவாரக் கோயிலில் தரிசனம் முடித்து, கம்பு வாங்கி, இரவு 7.30க்குள் இட்லி போல லேசாகச் சாப்பிட்டு, 8 மணிக்குப் படுத்துவிடுங்கள். அந்நேரம் உங்களைச் சுற்றி எல்லோரும் "அரோகரா" என்று சொல்லிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். அந்த உற்சாகம் தொற்றும்; எழுந்து போய்விடத் தோன்றும். போகாதீர்கள். அந்த ஆறு மணி நேரத் தூக்கம்தான் மறுநாள் உங்கள் முழங்காலைக் காப்பாற்றும்.

கம்பு வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். பலரும் மார்பளவுக் கம்பை வாங்குகிறார்கள். ஏற அது போதும். இறங்கும்போது கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும் என்பதால் தோளளவு இருக்க வேண்டும். கணுக்கள் நெருக்கமாக உள்ளதாகவும், ஊன்றும் முனை வெடிக்காததாகவும் பார்த்து எடுங்கள்.

8. புறப்படும் நேரம்

2.15க்கு எழுந்து, வெந்நீரோ காப்பியோ குடித்து, சோதனையை முடித்து, 3 மணிக்கு முதல் படியில் கால் வையுங்கள். ஏன் 3 மணி என்பதற்குக் கணக்கு இதுதான்: ஐந்தாவது மலை முதல் ஏழாவது மலை வரை நிழல் மிகக் குறைவு. அந்தப் பகுதியை ஏறும்போதும் இறங்கும்போதும் சேர்த்து முற்பகல் 11 மணிக்குள் கடந்துவிட வேண்டும். கீழ் மலைகளில் மரம் இருப்பதால் நண்பகலைத் தாங்கிவிடலாம். இன்னொன்று, அடிவாரம் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால், மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் ஊருக்குள் வெளிச்சம் இருக்கும்போதே இங்கே காட்டுப்பாதை மங்கிவிடும். ஆகவே பிற்பகல் 3 மணிக்கு முன்பே கீழே இருப்பதுதான் குறி.

தனியாகச் செல்பவருக்கு நான் வைத்துள்ள விதி: விடியும்வரை முன்னே ஒரு வெளிச்சமும் பின்னே ஒரு வெளிச்சமும் கண்ணில் பட வேண்டும். முன்னே செல்பவர்களின் விளக்கு மறைந்துவிட்டால், பாதையோரம் நின்று பின்னால் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். குறுக்குவழி என்று எதிலும் இறங்காதீர்கள். காதில் ஹெட்போன் வேண்டாம். யானை மூங்கிலை முறிக்கும் சத்தம் கேட்டால் நிற்கத் தெரிய வேண்டும்.

9. ஏழு மலைகளும் அவற்றின் நேரமும்

முதல் மலை முழுவதும் கற்படி. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம் என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். பயணத்தை இடையில் கைவிடுவோரில் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். காரணம், தொடக்க வேகம். மூக்கால் மட்டுமே மூச்சு விட்டு ஏறக்கூடிய வேகத்தில் ஏறுங்கள்; வாய் திறந்து மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். ஐம்பது படிக்கு ஒருமுறை, கம்பில் சாய்ந்து, உட்காராமல், இருபது மூச்சு. உட்கார்ந்தால் கால் ஆறிவிடும். வெள்ளை விநாயகர் கோயிலை 4.30 வாக்கில் அடைந்தால் சரியான வேகம்; 4 மணிக்கே அடைந்தால் வேகம் அதிகம்.

இரண்டாவது மலையில் பாம்பாட்டிச் சுனை, மூன்றாவதில் கைதட்டிச் சுனை. இந்த இரண்டு மலைகளிலும் ஈரம் படிந்த பாறைகள் வரும். சுனைக்கருகே உள்ள பாறையில் பலர் நீர் சிந்தியிருப்பார்கள் என்பதால், உலர்ந்ததாகத் தெரிந்தாலும் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். கைதட்டிச் சுனையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கடலை உருண்டையும் உப்பு கலந்த நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பசி எடுத்த பின் சாப்பிட்டால் தாமதம்.

நான்காவது மலை ஒட்டன் சமாதி இருக்கும் மலை. ஏற்றம் சற்றுக் குறையும். கிழக்கு வெளுப்பது இங்கேதான். முதுகுப் பக்கம் வெளிச்சம் வந்து முன்னால் உள்ள பாதையில் உங்கள் நிழல் மெல்லத் தெரியத் தொடங்கும்போது தலைவிளக்கை அணைத்துவிடலாம். பிப்ரவரியில் சூரியன் வர 6.45 ஆகும், ஏப்ரல் நடுவில் 6.15க்குள் வந்துவிடும். உச்சியில் சூரிய உதயம் பார்க்க முடியாதே என்ற குறை உங்களுக்கு இருக்கலாம். திரும்பி நின்று பாருங்கள்: சமவெளி முழுவதும் இருட்டாகக் கிடக்க, ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்க, அடிவானம் சிவக்கும். நடுங்காமல், நின்ற இடத்தில் பார்க்கலாம்.

இங்கே தவறாமல் செய்ய வேண்டிய காரியம், நனைந்த பனியனைக் கழற்றி உலர்ந்ததை அணிவது. ஐந்தாவது மலையில், பீமன் களியுருண்டை என்று சொல்லும் பெரும்பாறைப் பக்கம், மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும். காற்று நேராக அடிக்கும். ஈரத்துணியோடு அந்தக் காற்றில் போனால் பத்து நிமிடத்தில் பல் அடித்துக்கொள்ளும்.

ஆறாவது மலையில் பாதை இறங்கி ஆண்டிச் சுனைக்குச் செல்லும். பலர் அதில் குளிக்கிறார்கள். உறைய வைக்கும் குளிர்ந்த நீர் அது. ஏறிவந்த சூட்டோடு திடீரென மூழ்குவது இதயத்துக்கு ஆபத்து. தனியாகச் செல்பவர் கை கால் முகம் கழுவி, தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே 7.45 அல்லது 8 மணிக்கு இருக்க வேண்டும். 10 மணிக்குள் இந்தச் சுனையை எட்டாவிட்டால், அங்கிருந்தே ஏழாவது மலையைக் கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள். இந்த விதியை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய் முடிவு செய்தால் மனம் ஒப்பாது.

ஏழாவது மலை குட்டையானதுதான், ஆனால் செங்குத்து. பொடிமண்ணும் உருளும் கல்லும் காலை வழுக்கும். மேலே செல்பவரின் காலடிக் கல் உருண்டு வரலாம் என்பதால் நேர் பின்னால் செல்லாமல் ஒரு பக்கமாக விலகி ஏறுங்கள்.

10. உச்சியில்

பாறைகளுக்கிடையே சுயம்பு லிங்கமாக ஆண்டவர் இருக்கிறார். தரிசனத்துக்கும் உணவுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் போதும். புளிசாதத்தை இங்கே சாப்பிட்டு, ஷூவின் கயிற்றை அவிழ்த்து, கணுக்காலருகே இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாதம் முன்னால் சரியாது. 9.30க்குக் கிளம்பிவிட வேண்டும். மேகம் திரண்டு வந்தால் 9.30 வரையும் காத்திருக்க வேண்டாம்.

11. இறக்கம்

என் முதல் பயணத்தில், முதல் மலையின் படியில் உட்கார்ந்திருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் சீராக இறங்கி வந்தார். என்னைப் பார்த்து நின்று, "ஏறதுக்கு மூச்சு இருந்தாப் போதுமுங்க சாமி, எறங்கறதுக்குத்தான் காலு வேணும். அதைக் கொஞ்சம் மிச்சம் பண்ணி வெச்சிருக்கோணும்" என்றார். பிறகு என் கம்பை வாங்கி, எப்படி ஊன்றுவது என்று நாலு படி இறங்கிக் காட்டினார். அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

கம்பை இரு கைகளாலும் பிடித்து, முதலில் கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும். உடம்பின் பாரத்தைக் கம்பில் சாய்த்த பிறகே காலை எடுக்க வேண்டும். நேராக இறங்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைப் படியில் குறுக்காக வைக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டாமல் எப்போதும் சிறிது மடக்கியே வைத்திருக்க வேண்டும். உயரமான படியில் எப்போதும் ஒரே காலை முதலில் வைக்காமல், இருபது படிக்கு ஒருமுறை காலை மாற்ற வேண்டும். குதிக்கக் கூடாது, இளைஞர்கள் பக்கத்தில் ஓடி இறங்குவதைப் பார்த்து வேகமெடுக்கவும் கூடாது.

நேரக்கணக்கு: ஆண்டிச் சுனை 10.15, ஐந்தாவது மலையைக் கடப்பது 11, கைதட்டிச் சுனை 12, வெள்ளை விநாயகர் 1 மணி. வெள்ளை விநாயகர் கோயிலில் கட்டாயமாக இருபது நிமிடம் உட்காருங்கள். மீதமுள்ள ஓ.ஆர்.எஸ். நீரைக் குடித்து, காலை நீட்டி, தொடையைத் தேய்த்துவிடுங்கள். "இன்னும் ஒரு மலைதான்" என்ற எண்ணத்தில் நிற்காமல் இறங்குவோர்தான் அந்தக் கடைசிப் படிகளில் சறுக்கி விழுகிறார்கள். நானும் அங்கேதான் விழுந்தேன்.

12. இடையில் ஏதேனும் நேர்ந்தால்

நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை, நின்ற பிறகும் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக வந்தவர்கள் கூச்சத்தால் இதைச் சொல்வதில்லை. அடிவாரத்துக்கோ அருகிலுள்ள கடைக்கோ செய்தி சொல்லி அனுப்பினால், டோலி கட்டித் தூக்கி வருவார்கள். சிக்னல் உள்ள இடத்திலிருந்து 108க்கு அழைக்கலாம். மேலிருந்து கீழே கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், "கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இங்கே இடமில்லை.

யானை கண்ணில் பட்டால் விளக்கை அதன் முகத்தில் அடிக்காமல், கத்தாமல், படம் எடுக்காமல், வந்த வழியே பின்வாங்கிக் கூட்டத்தோடு சேருங்கள்.

13. இறங்கிய பிறகு

முதல் வேலை வீட்டுக்கு அழைப்பது. அடுத்து, ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் இருந்தால் காட்டி வைப்புத்தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் அரை மணி நேரம் மெதுவாக நடமாடிய பிறகே பேருந்தில் உட்காருங்கள். இறங்கியவுடன் உட்கார்ந்தால், காந்திபுரத்தில் எழுந்திருக்கும்போது கால் மடங்காது. இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்துதான் வண்டியை எடுக்க வேண்டும்.

மறுநாளைக்கு விடுப்பு சொல்லி வையுங்கள். வலி உச்சமாக இருப்பது மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான். அந்த இரு நாட்களும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தெருவில் பத்துப் பத்து நிமிடமாக நடந்து வாருங்கள். மாடியிலிருந்து இறங்க வேண்டியிருந்தால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள். வலி பாதியாகக் குறையும். மூங்கில் கம்பை எறிந்துவிடாமல் வெயில் படாத இடத்தில் சாய்த்து வையுங்கள். என்னுடையது மூன்று பருவமாக வெடிக்காமல் இருக்கிறது.